பின்னிணைப்பு இரண்டு

அந்த ஆய்வேட்டை வீட்டிலிருந்தபடியே ஷோத்கங்கா இணையத் தளத்தில் படித்து முடித்திருந்தேன். கடற்கரை ஊர்கள் சிலவற்றின் மீன்பிடிச் சொற்களைப் பற்றி 1980-களின் இறுதியில் செய்யப்பட்ட முனைவர் பட்ட ஆய்வு. தலைப்புப் பக்கம், சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை, ஆறு இயல்கள், துணைநூற்பட்டியல் என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பாக இருந்தன. மூன்றாம் இயலில் ஓரிடத்தில் ‘காண்க: பின்னிணைப்பு 2’ என்றிருந்தது. அப்படி ஒரு கோப்பே இல்லை. அதைத் தேடித்தான், ஆய்வேடு ஒப்படைக்கப்பட்ட பல்கலைக்கழக நூலகத்தின் மாடியேறினேன்.

ஆய்வேட்டுப் பிரிவு இரண்டாம் மாடியில், நீண்ட தாழ்வாரத்தின் கோடியில் இருக்கிறது. கதவைத் திறந்ததும் பைண்டிங் பசையும் காலிகோ துணியும் கலந்த வாசனை. கருநீலம், அரக்கு, பச்சை என்று முதுகுகள். அவற்றில் பொன்னெழுத்தில் தலைப்பும் ஆண்டும். பொருள்வாரியாகப் பிரிக்காமல் வந்துசேர்ந்த வரிசையிலேயே அடுக்கியிருக்கிறார்கள். அதனால் ஒரே தட்டில் புதுக்கவிதை பற்றிய ஆய்வுக்குப் பக்கத்தில் ஒரு வட்டாரத்து நிலத்தடி நீரின் ஃபுளோரைடு அளவு, அதற்கு அடுத்து சோழர்காலக் கல்வெட்டுகளில் ஏரிப் பராமரிப்பு, அப்புறம் கூட்டுறவு வங்கிகளின் கடன் வசூல், தாலாட்டு, தவளையின் வளர்நிலைகள், ஊர்ப்பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதரின் நாலைந்து வருடம் இருக்கிறது. வாய்மொழித் தேர்வு முடிந்த நாளுக்குப் பிறகு இவற்றில் பெரும்பாலானவற்றை ஒருவரும் திறந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தபோது மனம் கனத்தது.

பொறுப்பாளரிடம் விவரத்தைச் சொன்னேன். “2009-க்கு அப்புறம் வந்ததெல்லாம் பிரச்சினை இல்ல சார். பழசுதான் பாடு” என்றார். அந்த ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிமுறையில், முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்வடிவைக் கட்டாயம் ஒப்படைக்க வேண்டும் என்றிருந்தது. அவற்றைச் சேர்த்துவைக்கும் இடம்தான் ஷோத்கங்கா. காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்துகிறது. நாடெங்குமுள்ள பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் 5 லட்சத்துக்கும் மேல் அதில் இருக்கின்றன. வேளாண் பல்கலைக்கழகங்களுக்குக் கிருஷிகோஷ் என்று தனிக் களஞ்சியம் உண்டு. 2009-க்கு முந்தைய தாள் ஆய்வேடுகளை இந்த மாதிரி அறைகளில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும்.

ஜன்னலோர மேசையில் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனர். கீழே கறுப்புத் துணி. பக்கத்தைப் புரட்டுவது, ஓரத்தை விரலால் நீவிவிடுவது, மிதியை அழுத்துவது. ஸ்கேன் செய்துகொண்டிருந்த பெண்ணின் கைகள் ஒரே தாளத்தில் இயங்கின. தட்டச்சு செய்த மொழியியல் ஆய்வேடு ஒன்று மேசையில் இருந்தது. நூலகத்துக்கு வந்தது கார்பன் பிரதி போலும், எழுத்து சாம்பல் நிறத்தில் கரைந்திருந்தது. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் இல்லாத ஒலிக்குறிகளை எல்லாம் அந்த ஆய்வாளர் இந்திய மையால் கையாலேயே எழுதியிருந்தார், ஒவ்வொரு பக்கத்திலும். ஸ்டீஃபன் ஹாக்கிங்கின் 1966-ஆம் ஆண்டு ஆய்வேட்டைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2017-இல் இணையத்தில் போட்டபோது, கூட்டம் தாங்காமல் தளமே முடங்கியது. அதிலும் தட்டச்சு வரிகளுக்கு நடுவே சமன்பாடுகள் கையால்தான் எழுதப்பட்டிருந்தன. இந்த அறையிலுள்ள ஆய்வேடுகளைத் தேடி அப்படிக் கூட்டம் வராது. உழைப்பு மட்டும் அதே உழைப்புதான்.

தட்டச்சுக் காலத்துக்கு அடுத்து வந்த கணினிக் காலத்து ஆய்வேடுகளில் வேறொரு சிக்கல். அந்தப் பெண் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். திரையில் தமிழ் பளிச்சென்று இருந்தது. ‘தமிழ்’ என்ற சொல்லை நகலெடுத்துத் தேடுபெட்டியில் ஒட்டினார். ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வந்து நின்றன. பாமினி எழுத்துரு. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்கு ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடைத் தமிழக அரசு 2010-இலேயே ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் பாமினியில் அடித்த ஆய்வேடுகள் வந்துகொண்டிருந்தனவாம். உள்ளே இருக்கும் ஒரு சொல்லையும் தேடி எடுக்க முடியாத கோப்பு, பூட்டிய பெட்டிக்குச் சமம். சாவி தொலைந்துபோகவில்லை, எழுத்துரு மாற்றிகள் கிடைக்கத்தான் செய்கின்றன. ஆனால் மாற்றியபின் ஆள் உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். அந்த வேலைக்கு இங்கே ஆளில்லை. ஆள் போட வேண்டும் என்று உரத்தே சொல்ல விரும்புகிறேன். ஸ்கேனர் வாங்கிய செலவுக்கு அப்போதுதான் அர்த்தம்.

நான் கேட்ட ஆய்வேடு வந்தது. அரக்கு நிற அட்டை, முதுகின் அடியில் கறையான் தொட்டுப்பார்த்த தடம். கடைசிப் பக்கங்களைத் திருப்பியதும் காரணம் புரிந்துவிட்டது. பின்னிணைப்பு 2 நாலாக மடித்து ஒட்டிய அகலத் தாள்கள். முதல் சுற்றில் ஸ்கேன் செய்தவர்கள், விரித்தால் கிழியும் என்று பயந்து விட்டிருக்க வேண்டும்.

விரித்தோம். எட்டு ஊர்கள் மேலே கட்டங்களாக, இடப்பக்கம் பொருள். கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றுகளின் பெயர்கள், எந்த ஊரில் எந்தத் திசைக்கு எது, எந்த மாதத்தில் எது. நீவாடு என்று மீனவர்கள் சொல்லும் கடலோட்டத்தின் வகைகள். வலையின் உறுப்புகள். கரையிலுள்ள கோபுரத்தையும் பனையையும் நேர்க்கோட்டில் பிடித்து மீன் கிடைக்கும் இடத்தைக் குறிக்கும் முறை, சிறு கோட்டுப்படங்களோடு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் இருக்கிறது. அந்தப் பெண் அதைத் திறந்து பட்டியலிலிருந்து சொல் சொல்லாகத் தேடினார். சில கிடைத்தன. சிலவற்றுக்கு வெறும் திரை.

ஆறு இயல்களில் அந்த ஆய்வாளர் சொன்ன முடிவுகளைப் பின்னால் வந்தவர்கள் மறுத்திருக்கலாம், திருத்தியிருக்கலாம். இந்தத் தாளை யாரும் மறுபடி செய்ய முடியாது. அடுத்த பக்கத்தில் தகவலாளர் பட்டியல் இருந்தது: வயது 81, தொழில் கரைவலை, கல்வி இல்லை. வயது 76, தொழில் கட்டுமரம், கல்வி இல்லை. இப்படியே இருபத்துமூன்று பேர். கேட்க நினைத்தாலும் இனி அவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

“சார், அந்த ஓரத்தக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?” என்றார் அவர். பிடித்துக்கொண்டேன். எதிர்முனையில் கண்ணாடித் தகட்டை வைத்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவி, ஒரு தாளுக்கு நான்கு படம் வீதம் எடுத்தார். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கோப்புக்குப் பெயரிட்டார். குறிச்சொல் கட்டத்தில் அதற்குமுன் ‘மீனவர், சொற்கள்’ என்று இரண்டே இருந்தன. தாளைப் பார்த்துப் பார்த்து, யூனிகோடில், ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினார்: கச்சான், கொண்டல், சோழகம், நீவாடு. நடுவில் நிறுத்தி, “இந்த எழுத்து ளகரமா, ழகரமா?” என்று கேட்டார். குனிந்து பார்த்துச் சொன்னேன்.