பழைய விமான நிலையச் சாலை

பெங்களூரில் டொம்ளூரிலிருந்து மாரத்தஹள்ளி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலைக்கு இன்றும் பழைய விமான நிலையச் சாலை என்றே பெயர். பஸ் கண்டக்டரும் ஆட்டோக்காரரும் அந்தப் பெயரைச் சொல்லாத நாளில்லை. ஆனால் பெட்டியும் மூட்டையுமாக அங்கே விமானம் ஏறப் போகிற குடும்பங்களைப் பார்த்து வெகுகாலமாகிவிட்டது. 2008 மே 24 அன்று தேவனஹள்ளியில் புதிய நிலையம் பிறந்தது, இந்தச் சாலையிலிருந்த எச்.ஏ.எல். விமான நிலையத்தின் பிரயாணிகள் கூடம் அத்துடன் அடைபட்டது.

யுத்தகாலத்தில், 1940 டிசம்பரில், மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவோடு வால்சந்த் ஹீராசந்த் ஸ்தாபித்த விமானத் தொழிற்சாலையை ஒட்டி வளர்ந்த இடம் இது. அதே யுத்தத்துக்காகக் கானடாவின் புல்வெளிப் பிரதேசங்களில் விமானிகளைப் பயிற்றுவிக்க எத்தனையோ தளங்கள் எழுந்தன. அவற்றுள் பல பின்னர் புல்லுக்கும் காற்றுக்கும் மீண்டுவிட்டன. நம் பக்கத்திலும் உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு ஆகிய இடங்களில் யுத்தகால ஓடுதளங்கள் வெயிலில் கிடந்தன. சோழவரத்துத் தளமோ பல்லாண்டுகள் மோட்டார் பந்தயத் திடலாக வாழ்ந்தது. ஆனால் அவற்றில் எவரும் தம் பிள்ளையை வழியனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு நிலையத்தின் மீது ஜனங்களுக்குப் பற்று உண்டாவது அப்படி வழியனுப்புவதால்தான் என்பது என் எண்ணம்.

தொண்ணூறுகளில் ஓர் இரவு, பம்பாய் வழியாக வளைகுடாவுக்குப் போகும் அத்தை மகனை அனுப்பிவைக்க, அலசூரிலிருந்து நாங்கள் ஒன்பது பேர் ஒரு வேனில் போயிருந்தோம். எலுமிச்சை ஊறுகாய்ப் புட்டியை மூன்று முறை துணியில் சுற்றி, கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்து, அதன் பிறகே பெட்டிக்குள் வைக்க அத்தைக்கு மனம் வந்தது. அவன் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மறைந்த பின்பும் நாங்கள் வீடு திரும்பவில்லை; மதிற்சுவரோரமாக நின்று, விளக்குகள் சிமிட்ட ஒரு விமானம் எழும்பியதைக் கண்டதும், அதுதான் அவனுடைய விமானம் என்று நாங்களாகவே நிச்சயித்துக்கொண்டு, இலையில் மிஞ்சியிருந்த புளியோதரையைச் சாலையோரத்திலேயே தின்று முடித்தோம். அத்தை மட்டும் ஒரு கவளமும் எடுக்கவில்லை.

2001 ஜனவரி 4 அன்று, நம் நாட்டிலேயே உருவான தேஜஸ் போர்விமானம் முதன்முதலாக ஆகாயத்தைத் தொட்டது இந்த ஓடுதளத்திலிருந்துதான். மூன்று கிலோமீட்டருக்கும் நீண்ட அந்தத் தளம் இன்றும் இயங்குகிறது; சோதனை விமானங்களின் முழக்கம் சில காலைகளில் எங்கள் வீட்டு ஜன்னலை அதிரவைக்கிறது. புழக்கமற்றுப் போனது ஜனங்கள் நின்ற வாசல் மாத்திரமே. பெருகிய கூட்டத்துக்கு அந்தக் கூடம் போதவில்லை என்பதை மறுக்க மாட்டேன். புதிய நிலையம் அவசியமே. ஆயினும் பழையதை அடியோடு அடைத்ததை என் மனம் இதுவரை ஏற்கவில்லை.

மைசூரும் ஹாசனும் நீங்கலாக, தேவனஹள்ளியிலிருந்து 150 கிலோமீட்டர் வட்டத்துக்குள் வேறு விமான நிலையம் 25 ஆண்டுகளுக்குக் கூடாது என்பது புதிய நிலையத்துக்கான ஒப்பந்தத்தின் நிபந்தனை. அந்தக் கெடு 2033இல் முடிகிறது. அதுவரையில் அந்தக் கூடத்தை இடித்துவிடாமல் காத்து, கெடு தீர்ந்ததும் சென்னைக்கும் கோவைக்கும் செல்லும் சிறு விமானங்களுக்காவது அதைத் திறந்துவிட வேண்டுமென்று அதிகாரத்தில் உள்ளவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.