குளிர்காலத்தில் சிராகூசா

விவிலியத்தில் ஒரே ஒருமுறை பெயர் சொல்லப்பட்டு, அத்துடன் மறைந்துபோகும் ஊர்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று சிராகூசா. உரோமைக்குக் கைதியாகக் கொண்டு செல்லப்பட்ட புனித சின்னப்பர், கப்பலுடைந்து மால்டாத் தீவில் கரையேறினார். அங்கே மூன்று மாதம் தங்கியபின், அத்தீவிலேயே குளிர்காலத்தைக் கழித்து நின்ற அலெக்சாந்திரியக் கப்பலொன்றில் ஏறி, சிசிலித் தீவின் இத்துறைமுகத்தை அடைந்து மூன்று நாள் இருந்தார் என்று அப்போஸ்தலர் பணி நூலின் இறுதி அதிகாரம் கூறுகிறது. அம்மூன்று நாளும் அவர் எதைக் கண்டார், யாரோடு பேசினார் என்பதை நூலாசிரியர் எழுதவில்லை. அவர் எதையும் எடுத்துச் சென்றிருக்க இயலாது என்பது மட்டும் உறுதி. கைதியின் பையில் என்ன கொள்ளும்?

அவ்வூரில் நாங்கள் இருவரும் ஒரு டிசம்பர் மாதத்தில் பதினாறு நாள் தங்கியிருந்தோம். மத்தியதரைக் கடலோர ஊர்களுக்குக் கோடையில்தானே போவார்கள், குளிரிலும் மழையிலும் அங்கே என்ன இருக்கிறது என்று உறவினர் பலர் வினவினர். அதற்குக் காரணங்கள் இருந்தன. சிசிலியின் கோடை இப்போது எளிதில் தாங்கக் கூடியதன்று. 2021 ஆகஸ்ட் 11 அன்று சிராகூசாவுக்கு அருகே 48.8 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. ஐரோப்பாக் கண்டத்திலேயே அதுவரை பதிவானவற்றுள் மிக உயர்ந்தது அது என்று உலக வானிலை நிறுவனம் பின்னர் உறுதி செய்தது. குளிர்காலத்திலோ நண்பகலில் பதினைந்து, பதினாறு பாகை. இரவில் ஒரு கம்பளி போதும். விடுதி வாடகையும் குறைவு.

இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. எங்கள் இருவரில் ஒருவருக்குக் கண்ணழுத்த நோய். பக்கப் பார்வை சிறிது சிறிதாக மங்கி வருகிறது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பதற்கே சொட்டு மருந்து என்று மருத்துவர் தெளிவாகக் கூறிவிட்டார். அத்தகைய கண்களுக்கு வெயிலின் கூச்சம் பகை. சிராகூசாவின் பழைய நகரமான ஒர்த்தீஜியாத் தீவு முழுவதும் வெளிறிய சுண்ணாம்புக் கல்லால் கட்டப்பட்டது. கோடை நண்பகலில் அக்கல் கண்ணைக் குத்தும். குளிர்காலச் சாய்வெயிலிலோ அதே கல் தேனின் நிறம் கொள்கிறது. காண வேண்டியதைக் காணத்தக்க ஒளியில், காணக்கூடிய காலத்திலேயே கண்டுவிட வேண்டும் என்று எண்ணியே புறப்பட்டோம்.

எங்களுக்கு முன்னரும் இவ்வூரின் குளிர்காலத்தை விரும்பி வந்தோர் உண்டு. அவர்களுள் ஒருவன் உரோமை ஆளுநன் வெரஸ். கி.மு. 73 முதல் 71 வரை சிசிலியை ஆண்டவன். அவன்மீது கி.மு. 70இல் வழக்குத் தொடுத்த நாவலர் சிசரோ, அவன் குளிர்காலத்தைக் கழிக்கச் சிராகூசாவைத் தேர்ந்துகொண்டதைச் சுட்டி, எவ்வளவு கடும் மழைக்காலமாயினும் ஒரு நாளில் சிறு நேரமேனும் கதிரவன் தோன்றாமல் போகாத ஊர் அது என்று வருணிக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அக்கூற்றை நாங்கள் நாள்தோறும் சோதித்தோம். பதினாறு நாளில் ஐந்து நாள் மழை. அவற்றுள் ஒரு நாள் கடலலை மதிலேறி வந்து தெருவை நனைத்தது. ஆயினும் ஒவ்வொரு நாளும், மாலை நான்கு மணிக்கேனும், மேகம் விலகி வெயில் முகம் காட்டியது. சிசரோ சொன்னது பொய்க்கவில்லை.

அவ்வெரஸ் குளிர்காய மட்டும் வரவில்லை; கொள்ளையிடவும் வந்தான். அவன் கைவைத்த இடங்களுள் ஒன்று இன்று சிராகூசாவின் பேராலயமாக விளங்குகிறது. கி.மு. 480இல் ஈமேராப் போரில் வென்ற கேலோன் என்னும் மன்னன் அத்தேனா தேவதைக்கு எடுப்பித்த கோயில் அது. அதன் கதவுகளில் இழைத்திருந்த பொன்னையும் தந்தத்தையும், சுவரில் மாட்டியிருந்த ஓவியங்களையும் வெரஸ் பெயர்த்துச் சென்றான் என்று சிசரோ குற்றம் சாட்டுகிறார். கதவின் அணிகள் போயின, தூண்கள் நின்றன. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் அக்கோயில் கிறிஸ்தவ ஆலயமாயிற்று. தூண்களுக்கு இடைப்பட்ட வெளியைச் சுவரால் அடைத்தார்கள். உட்சுவரில் வளைவுகள் குடைந்தார்கள். 878இல் அராபியர் நகரைக் கைப்பற்றியபின் அது மசூதியாயிற்று. நார்மானியர் வந்தபின் மீண்டும் ஆலயமாயிற்று. 1693ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்தில் முகப்பு இடிந்தது. ஆந்திரேயா பால்மா என்னும் சிற்பியின் திட்டப்படி 18ஆம் நூற்றாண்டில் எழுந்த முகப்பே இன்று நாம் காண்பது.

முகப்பைக் கடந்து உள்ளே சென்றால் பக்கச் சுவரில் பாதி புதைந்தும் பாதி வெளியே தெரிந்தும் நிற்கின்றன அப்பழந்தூண்கள். இருவர் கைகோத்தாலும் தழுவ முடியாத பருமன். டிசம்பர் காலையில் உள்ளே எங்களையும் செபமாலை உருட்டிய இரு முதியவரையும் தவிர ஒருவரும் இல்லை. பார்வை மங்கியவர் தூணின் வரிப்பள்ளங்களைக் கையால் தடவி ஒவ்வொன்றாக எண்ணினார். டோரிக் தூணுக்கு இருபது பள்ளம் உண்டென்பது நூலறிவு. விரலுக்கு எட்டியவை எத்தனை, சுவருக்குள் ஒளிந்தவை எத்தனை என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தபோது, பக்கப் பீடத்தில் திருப்பலி தொடங்கியது. கூட்ட நெரிசலில் இவ்வாறு ஒரு தூணருகே அரைமணி நேரம் நிற்க யார் விடுவார்?

ஞானஸ்நானத் தொட்டியும் அத்தகையதே. பழங்கிரேக்கர் செய்த பளிங்குக் கலத்தை, 13ஆம் நூற்றாண்டின் ஏழு வெண்கலச் சிங்கங்கள் தாங்கி நிற்கின்றன. பழையதை உடைத்தெறியாமல், அதற்கொரு புதுப்பணி கொடுத்து வைத்துக்கொள்ளும் குணம் இவ்வூருக்கு இருக்கிறது.

குளிர்காலத்தின் இன்பத்தை ஆலயத்தில் மட்டுமன்றிச் சந்தையிலும் கண்டோம். கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்போல்லோ கோயிலின் இடிபாட்டை ஒட்டிக் காலையில் கடைகள் விரிகின்றன. வாள்மீனும் கணவாயும், சரம் சரமாக உலர்ந்த மிளகாயும், இலையோடு பறித்த எலுமிச்சையும் குவிந்து கிடக்கின்றன. உள்ளே குருதி நிறம் கொண்ட ஆரஞ்சுப் பழம் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட்டால்தான் அப்பழத்தில் செந்நிறம் ஏறுமாம். வெப்பம் மட்டுமே கண்ட பழம் வெளிறியே கிடக்கும். பழக்காரர் ஒன்றை அறுத்து எங்கள் கையில் வைத்துவிட்டு, "இது இன்னும் பிஞ்சுதான், சனவரியில் வாருங்கள், இதைவிடச் சிவப்பாகத் தருகிறேன்" என்றார்.

எங்களுக்கு அறை வாடகைக்குத் தந்தவர் எழுபது கடந்த ஒரு விதவைத் தாய். அவருக்குத் தெரிந்த சில ஆங்கிலச் சொற்களும் எங்களுக்குத் தெரிந்த சில இத்தாலியச் சொற்களும் உரையாடலுக்குப் போதுமாயிருந்தன. பிள்ளைகள் இருவரும் வடக்கே வேலையில் இருக்கிறார்கள். "கோடையில் இத்தெருவில் உலகமே நடக்கும், சிஞ்ஞோரா. யாரையும் எனக்குத் தெரியாது. குளிர்காலத்தில்தான் காலடிச் சத்தத்தைக் கேட்டே யார் போகிறார் என்று சொல்வேன்" என்றார். பின்னர்ச் சன்னலைத் திறந்து எதிர்வரிசை வீடுகளைக் காட்டினார். பாதி வீடுகளின் கதவு அடைத்திருந்தது. அவை பயணிகளுக்கென்றே மாற்றப்பட்டவை. கோடை முடிந்ததும் பூட்டப்படுபவை. எங்கள் அறையும் ஒருகாலத்தில் அவர் மகனின் படிப்பறையாக இருந்ததுதான். நான்காம் நாளிலிருந்து எங்கள் காலடியையும் அவர் அறிந்துகொண்டார். நாங்கள் படியேறும்போதே காப்பி அடுப்பில் ஏறிவிடும்.

டிசம்பர் 13 அன்று அவர் எங்களுக்குக் காலையில் அப்பமும் தரவில்லை, ரொட்டியும் தரவில்லை. ஒரு கிண்ணத்தில் வேகவைத்த முழுக் கோதுமையை, ரிக்கொத்தா என்னும் இளம் பாற்கட்டியும் சர்க்கரையும் கலந்து கொணர்ந்தார். அதற்குக் குச்சீயா என்று பெயர். 1646இல் சிசிலியில் பஞ்சம் கொடிதாயிருந்தபோது, மக்கள் புனித லூசியாவை மன்றாட, தானியம் ஏற்றிய கப்பல் துறைமுகத்தில் வந்து நின்றதாம். பசி பொறாத மக்கள் மாவாக அரைக்கவும் காத்திராமல் மணியை அப்படியே அவித்து உண்டனராம். அந்நினைவே இவ்வுணவு என்பது மரபு. புதுப்பானைப் பொங்கலில் வளர்ந்த எங்கள் நாவுக்கு அதன் சுவை அயலாகத் தோன்றவில்லை.

அன்றுதான் புனித லூசியாவின் திருவிழா. 304ஆம் ஆண்டளவில் தியோக்கிளேசியன் காலத்துக் கலாபனையில் இந்நகரில் உயிர் நீத்த கன்னி அவர். திருப்பலியின் முதல் நற்கருணை மன்றாட்டில் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறோம். ஒளி என்னும் பொருள்படும் பெயர் கொண்டவர், கண்ணுக்குப் பாதுகாவலி. பழைய ஜூலியன் நாட்காட்டி பின்தங்கிப் போயிருந்த நூற்றாண்டுகளில், ஆண்டின் மிகக் குறுகிய பகல் அவருடைய திருநாளை ஒட்டியே வந்தது. இருள் மிகுந்த நாளில் ஒளியின் பெயரால் ஒரு விழா!

பிற்பகலில் பேராலயச் சதுக்கம் நிரம்பிற்று. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்த வெள்ளிச் சுரூபத்தைப் பச்சைக் குல்லாய் அணிந்த ஆண்கள் தோளில் சுமந்து வெளிக்கொணர்ந்தனர். ஆண்டின் சில நாட்களில் மட்டுமே அச்சுரூபம் மக்கள் கண்ணில் படும். "சிராகூசாக்காரி! அவள் சிராகூசாக்காரி!" என்று தூக்குவோர் குரலெழுப்ப, கூட்டம் எதிரொலித்தது. பெண்கள் பலர் மெழுகுதிரியோடு வெறுங்காலில், குளிர்ந்த கல்லின்மேல் நடந்தனர். பவனி பாலம் கடந்து, புனிதை அடக்கம் செய்யப்பட்ட இடத்தின் ஆலயத்தைச் சேர இரவாயிற்று. எட்டாம் நாள்வரை சுரூபம் அங்கேயே இருக்கும்.

அந்தக் கூக்குரலின் பொருள் மறுநாளே எங்களுக்கு விளங்கிற்று. அவ்வாலயத்தருகே உள்ள கல்லறை வெறுமையானது. 11ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத் தளபதி மனியாக்கேஸ் புனிதையின் உடலைக் கான்ஸ்டாண்டிநோபிளுக்குக் கொண்டு போனார் என்பது மரபு. 1204இல் அந்நகரைச் சூறையாடியபோது வெனிசியர் அதைத் தம் ஊருக்கு எடுத்துச் சென்றனர். இன்றும் அது வெனிஸில்தான் இருக்கிறது. 2004இலும் 2014இலும் சில நாட்களுக்கு மட்டும் சிராகூசாவுக்கு வந்து திரும்பியது. உடல் வேறு ஊரில் இருந்தாலும் அவள் எங்களூர்க்காரியே என்பதைத்தான் அம்மக்கள் ஆண்டுதோறும் உரக்கச் சொல்கிறார்கள். 1608இல் மால்டாவிலிருந்து தப்பி வந்த ஓவியர் கரவாஜ்ஜோ, அவ்வாலயத்துக்கென்றே புனிதையின் அடக்கத்தை வரைந்தார். முன்னே குழி தோண்டும் இருவரின் பருத்த உடல். தரையில் சிறிய சடலம். மேலே பாதிக்கும் மேற்பட்ட வெற்றுச் சுவர். வெறுமையையே பெரிதாக வரைந்த ஓவியம் அது.

இழந்தது மட்டுமே இவ்வூரின் கதை என்று எண்ணவும் வழியில்லை. கி.மு. 413இல் படையெடுத்து வந்து தோற்ற ஏதென்ஸ் வீரர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சிராகூசாவினர் கற்குழிகளில் அடைத்து, அரைவயிற்று உணவும் சிறிதளவு நீரும் கொடுத்துச் சாகவிட்டனர் என்று துசிடிடீஸ் எழுதுகிறார். அக்குழிகளுள் ஒன்றில் இன்று எலுமிச்சை மரம் காய்க்கிறது. 'தியோனீசியுவின் காது' என்னும் உயர்ந்த குகை அங்கேதான் உள்ளது. மெல்லப் பேசினாலும் பெருத்து ஒலிக்கும் அவ்விருளில் பார்வை உள்ளவரும் இல்லாதவரும் ஒன்றே. இறந்தோர்க்காக அங்கே ஒரு பரலோக மந்திரம் சொன்னோம். எங்கள் குரல் எங்களுக்கே திரும்பி வந்தது.

மாலைதோறும் அரெத்தூசா ஊற்றருகே அமர்வது எங்கள் வழக்கமாயிற்று. கடலுக்கு ஒரு சுவர் இப்பால் நன்னீர் ஊறும் குளம் அது. அதில் பாப்பிரஸ் நாணல் வளர்கிறது; வாத்துகள் நீந்துகின்றன. அங்கிருந்து பெரிய துறைமுகத்தின்மேல் கதிரவன் இறங்குவது தெரியும். சின்னப்பரின் கப்பல் நங்கூரமிட்டதும் இத்துறைமுகப் பகுதியில்தானே என்று பேசிக்கொள்வோம். பார்வை குன்றி வரும் கண்ணுக்கு அவ்வொளி உகந்ததாயிருந்தது. லூசியாவிடம் என்ன வேண்டினீர்கள் என்று வீட்டுக்காரத் தாய் ஒருநாள் கேட்டார். "இழந்ததைத் திருப்பிக் கேட்கவில்லை, அம்மா. இருக்கும்வரை நன்றாய்ப் பார்க்கக் கற்றுக்கொடு என்றுதான் கேட்டோம்" என்றோம். அவர் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தில் இன்னும் சிறிது குச்சீயா இட்டார்.

குளிர்காலத்தில் இத்தகைய ஊர்களுக்குச் செல்ல விரும்பும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். பகல் குறுகியது, காணத்தக்க இடங்கள் முன்னதாகவே மூடப்படும். நண்பகலில் கடைகள் அடைத்திருக்கும். மழைக்கு ஏற்ற காலணி கட்டாயம் வேண்டும். நனைந்த சுண்ணாம்புக் கல் வழுக்கும். கோடையில் நாடகம் நடக்கும் பழங்கிரேக்க அரங்கில் அப்போது ஒன்றும் நடவாது. வெற்றுப் படிகளில் அமர்ந்து கடலைப் பார்க்கலாம். இக்குறைகளுக்கு ஈடாக ஊர் தன் இயல்பான முகத்தைக் காட்டும். காட்சிக்கென அலங்கரிக்காத வீட்டுக்குள் விருந்தாளியை அழைப்பதுபோல் அழைக்கும்.

எந்த ஊருக்கும் வருவோர் இருவகையினர். வெரஸைப் போல, இருப்பதில் சிறந்ததைப் பெயர்த்துக்கொண்டு போவோர் ஒருவகை. சின்னப்பரைப் போல, வெறுங்கையோடு வந்து, கொடுக்கக் கூடியதைக் கொடுத்து, வெறுங்கையோடு கப்பலேறுவோர் மற்றொரு வகை. இக்காலத்தில் நாம் யாரும் கோயிற் கதவின் அணிகளைப் பெயர்ப்பதில்லை. ஆயினும் நாம் தங்குவதற்காக ஒரு தெருவின் வீடுகள் குடியற்றுப் போகலாம். நம் படப்பெட்டிக்காக ஒருவரின் செபம் கலையலாம். எனவே பயணம் போகுமுன் எதைக் கொண்டுவரப் போகிறோம் என்று எண்ணுவதைக் காட்டிலும், அங்கே யாருக்கு நம் காலடி நல்லொலியாகக் கேட்கும் என்று எண்ணுவது நன்று. பெரும் கொள்ளைகளுக்குப் பின்னும் சிராகூசாவில் எஞ்சி நிற்பவை தூணும், ஊற்றும், ஒரு கன்னியின் பெயரும், ஒரு கிண்ணக் கோதுமையும். எவராலும் எடுத்துச் செல்ல முடியாதவை அவை. ஆனால் உட்கார்ந்து பங்குகொள்ள வருவோர் யாவருக்கும் இன்றும் கிடைக்கின்றன.