பதிவேட்டில் ஒரு பெயர்

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

"மன்னன் எவ்வழி, மக்கள் அவ்வழி" என்பது பெரியோர் வாக்கு. பள்ளிக்கு ஏது மன்னன் என்று சிலர் கேட்கலாம். மணி அடித்தால் வகுப்பு, மீண்டும் மணி அடித்தால் வீடு. இதில் தலைமைக்கும் நிர்வாகத்துக்கும் என்ன பெரிய வேலை என்றுதான் நாங்களும் எண்ணியிருந்தோம். தலைமையாசிரியை என்றால் காலை வணக்கக் கூட்டத்தில் பேசுபவர், தாமதமாக வருவோரை வாயிலில் நிறுத்துபவர், முன்னேற்ற அறிக்கையில் கையொப்பமிடுபவர். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவே. சென்ற தை மாதம் நடந்த ஒரு நிகழ்ச்சி அந்த எண்ணத்தை அடியோடு மாற்றியது.

நாங்கள் ஐவர் எறையூரிலிருந்து ஒரே பேருந்தில் பள்ளிக்கு வருகிறோம். பெரம்பலூர் சர்க்கரை ஆலை என்று பெயர் இருந்தாலும், ஆலை இருப்பது எங்கள் எறையூரில்தான். அரவைப் பருவம் வந்துவிட்டால் ஊரெங்கும் பாகு வாசனை. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையோரம் வரிசையாக நிற்கும். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்த வயலில் விடியுமுன் ஆட்கள் இறங்கிவிடுவார்கள். பிள்ளைகள் எழும்போது தாயும் தந்தையும் வீட்டில் இருக்க மாட்டார்கள். இது எங்கள் ஊரில் புதிதன்று.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, பேருந்தில் நாங்கள் நால்வர்தான் இருந்தோம். மாலையில் தோழியின் வீட்டுக்குப் போனோம். அவளுடைய தந்தைக்குக் காலில் அரிவாள் வெட்டு. வேலைக்குப் போக முடியாமல் வெளியூரில் உறவினர் வீட்டில் தங்கி மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தார். தாய் மட்டும் அதிகாலை நான்கு மணிக்கே கரும்பு வெட்டப் போய்விடுகிறார். நான்கு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. "டீச்சரிடம் சொல்லிவிடாதீர்கள். எங்கள் வீட்டுக் கதை எல்லோருக்கும் தெரிய வேண்டாம். காய்ச்சல் என்று சொல்லுங்கள்" என்று அவள் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்களும் சத்தியம் செய்துவிட்டு வந்தோம்.

எங்களில் ஒருத்தி வகுப்புத் தலைவி. நாள்தோறும் கரும்பலகையின் ஓரத்தில் பதிவு 42, வருகை 41 என்று எழுதுவது அவள் பொறுப்பு. "யார் வரவில்லை?" என்று ஆசிரியை கேட்பார். "காய்ச்சல், மிஸ்" என்று நாங்கள் நால்வரும் சொல்வோம். முதல் நாள் சொல்லும்போது நாக்கு தடுமாறியது. ஐந்தாம் நாள் தடுமாறவில்லை. பொய்யும் பழகிப் போகும் என்பதை அப்போதுதான் அறிந்தோம். தோழிக்கு உதவி செய்வதாகவே எங்களுக்கு நினைப்பு.

பதினோராம் நாள் தலைமையாசிரியை அறையிலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. மேசைமீது எங்கள் வகுப்பு வருகைப் பதிவேடு திறந்திருந்தது. அவள் பெயருக்கு நேரே ஒரே எழுத்து பதினொரு கட்டங்களில் வரிசையாக நின்றது.

"பதினொரு நாளாகக் காய்ச்சலா?" என்று சிஸ்டர் கேட்டார். நாங்கள் தலைகுனிந்து நின்றோம்.

"இந்தப் பதிவேட்டைப் பார்த்து அரசாங்கத்துக்கு நான் எண்ணிக்கை அனுப்பலாம். ஆனால் அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று இது எனக்குச் சொல்லாது. அதைச் சொல்லக் கூடியவர்கள் நீங்கள்தான்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. அதனால்தானோ என்னவோ எங்களுக்கு அழுகை வந்துவிட்டது. சொன்னால் சத்தியம் போகும். சொல்லாவிட்டால் தோழியின் படிப்புப் போகும். அறிவியல் செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரமே இருந்தது. அதற்கு மட்டும் 25 மதிப்பெண். இறுதியில் உண்மையைச் சொன்னோம்.

அந்தச் சனிக்கிழமை சிஸ்டர் எங்களோடு எறையூர் வந்தார். தோழியின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவள் தாய் வயலிலிருந்து திரும்பும்வரை காத்திருந்தார். அறிவுரை கூறுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ கேள்விகள் மட்டுமே கேட்டார். எத்தனை மணிக்கு வேலை? எத்தனை மணிக்குப் பேருந்து? அங்கன்வாடி எப்போது திறக்கும்? "எங்க பொழப்பு அப்படி, சிஸ்டரம்மா. பொண்ணு படிக்கக் கூடாதுன்னு இல்லே" என்று அந்தத் தாய் கண்ணீர் விட்டார்.

கேட்டுக் கேட்டு வந்ததில், தடையாக நின்றது காலை வேளையில் சில மணி நேரமே என்பது தெரிந்தது. பேருந்து புறப்பட்ட பிறகுதான் அங்கன்வாடி திறக்கிறது. அந்த இடைவெளியில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். எங்களில் ஒருத்தியின் அப்பாயி அடுத்த தெருவில்தான் இருக்கிறார். சிஸ்டர் அவரிடம் போய், "அம்மா, எங்கள் பள்ளிக்கு நீங்கள் ஓர் உதவி செய்ய வேண்டும்" என்று கைகூப்பிக் கேட்டார். "இதுக்கு ஏன் தாயி கும்பிடுறீங்க? எம் பேரப்புள்ளைங்களோட அவனும் ஒருத்தன்" என்றார் அப்பாயி. பதினொரு நாட்களாக அதே தெருவில் நடந்த எங்களுக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கினோம்.

திங்களன்று வருகை 42 ஆயிற்று.

இதன் பின்னரே பள்ளி நிர்வாகம் என்பதைப் பற்றி நாங்கள் படிக்கவும் கேட்டறியவும் தொடங்கினோம். தலைமையாசிரியைக்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர், சென்னையில் பள்ளிக் கல்வி இயக்ககம் என்று ஏணிப்படி போல அமைப்பு இருக்கிறது. 1995-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமானது. இந்தப் பகுதிக் கல்லூரிகள் இணைந்துள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982-இல் தோன்றியது. அங்கே துணைவேந்தரும் ஆட்சிக்குழுவும் நிர்வாகத்தைக் கவனிக்கிறார்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. கரும்பு வெட்டும் தாயும் நிர்வாகத்தில் அமரலாம் என்பது எத்தனை பெரிய செய்தி! ஆனால் அச்சட்டம் தரும் உரிமை 6 வயது முதல் 14 வயது வரைதான். எங்களுக்கு வயது 15. சட்டம் கைவிடும் வயதில் எங்களைப் பிடித்து நிறுத்துவது ஒரு தலைமையாசிரியையின் அக்கறையே.

வரலாற்றிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்ற எளிய உண்மையை உணர்ந்த தலைமை அது. அப்போது கல்வித் துறையின் இயக்குநராக இருந்து துணை நின்றவர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள். ஊர் மக்களே தங்கள் பள்ளிக்கு வேண்டியதைக் கொடுக்கும்படி பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தப்பட்டன. பின்னர் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார்.

பெண்களில் சகோதரி சுப்பலட்சுமியை நினைக்காமல் இருக்க முடியாது. இளம் வயதிலேயே கணவரை இழந்த அவர், 1911-இல் பட்டம் பெற்றார். தம்மைப் போன்ற இளம் விதவைகளைச் சேர்த்து, அவர்களுக்குத் தங்க இடமும் கல்வியும் கொடுத்தார். பெண்கள் வரவில்லையே என்று வருந்திக்கொண்டு உட்காராமல், ஏன் வர முடியவில்லை என்று கேட்டு, அந்தத் தடையை நீக்கியவர் அவர். எங்கள் சிஸ்டர் எறையூர்த் திண்ணையில் அமர்ந்து செய்ததும் அதையேதான்.

எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். ஆனால் உண்மையை எழுத வேண்டும் அல்லவா? எங்கள் தோழி ஒரு திருப்புதல் தேர்வை எழுதவில்லை. கணக்கில் இன்னும் பின்தங்கியே இருக்கிறாள். பேருந்தில் வரும்போது நாங்கள் மாறி மாறி அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சத்தியத்தை மீறியதற்காக முதல் இரண்டு நாட்கள் அவள் எங்களோடு பேசவே இல்லை. மூன்றாம் நாள் ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்துகொண்டு, "வேதியியல் நோட்டைக் கொடுங்கள்" என்றாள். அதுவே அவள் எங்களை மன்னித்த விதம். செய்முறைத் தேர்வை நன்றாகவே செய்தாள். அரசுத் தேர்வு இனிமேல்தான்.

தங்கைகளே! அடுத்த ஆண்டு உங்களில் யாரேனும் வகுப்புத் தலைவி ஆவீர்கள். நாளை ஆசிரியை ஆவீர்கள். சிலர் தலைமையாசிரியையாக, கல்லூரி முதல்வராக, துணைவேந்தராகக் கூட ஆகலாம். கரும்பலகையில் வருகை ஒன்று குறைந்தால், எண்ணை எழுதிவிட்டு உங்கள் இடத்தில் போய் அமர்ந்துவிடாதீர்கள். அந்த ஒன்று யார் என்று கேளுங்கள். மாலையில் அவள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். உங்களால் இயலாததை உரியவரிடம் சொல்லுங்கள். நாங்கள் பதினொரு நாள் தாமதமாகக் கற்ற பாடம் இது. நீங்கள் முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள்.