எழுதாமல் விட்ட வரி

எங்கள் வகுப்பறையில் ஒரு மின்விசிறி வேகமாகப் போட்டால் ஆடும். அதனால் மெதுவாகவே போடுகிறோம். அதற்குக் கீழே இருந்த பிள்ளைகளையும் சுவரோரம் மாற்றிவிட்டோம். எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. பின்னேர வகுப்பு எடுக்கிற டீச்சருக்கும் சொல்லவில்லை.

இந்தோனேசியாவில் விழுந்த லயன் எயார் விமானத்தைப் பற்றிய விசாரணை அறிக்கையை வாசித்த பிறகுதான் இது உறுத்தத் தொடங்கியது.

விமானத்தின் மூக்குப் பக்கத்தில், காற்றோடு திரும்புகிற சின்னத் தகடு ஒன்று இருக்கும். மூக்கு எந்தக் கோணத்தில் காற்றைச் சந்திக்கிறது என்று சொல்லும் சென்சர் அது. 2018 ஒக்டோபர் 28 அன்று டென்பசாரில் இடப்பக்கச் சென்சரை மாற்றினார்கள். மாற்றிப் போட்டது ஏற்கெனவே திருத்தப்பட்ட ஒன்று. அது 21 பாகை பிழையாகக் காட்டியது. பொருத்திய பின் சரியாகச் சோதித்தார்களா என்பதை விசாரணையால் உறுதிப்படுத்த முடியவில்லை.

அன்றிரவு அந்த விமானம் ஜகார்த்தாவுக்குப் பறந்தது. ஏறியதுமே கெப்டனின் கைப்பிடி அதிரத் தொடங்கி, பயணம் முழுக்க நிற்கவில்லை. பொயிங் 737 மெக்ஸில் இருந்த எம்கேஸ் என்ற தானியங்கி அமைப்பு, அந்த ஒரு சென்சரை நம்பி மூக்கைக் கீழே தள்ளியது. விமானிகள் வால்பக்க மோட்டரின் சுவிட்சை நிறுத்தி, கையாலேயே ஓட்டிப் பத்திரமாக இறக்கினார்கள். கெட்டித்தனம்தான், அதில் குறை சொல்ல ஏதுமில்லை.

இறங்கியபின் பதிவுப் புத்தகத்தில் வேகமும் உயரமும் முரண்படுவதாகவும், ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்ததாகவும் எழுதினார்கள். கைப்பிடி அதிர்ந்ததை எழுதவில்லை. சுவிட்சை நிறுத்தியதையும் எழுதவில்லை. பொறியியலாளர் எழுதியிருந்ததைப் பார்த்து, குழாய்வழியைச் சுத்தம் செய்து, ஒரு இணைப்பையும் துடைத்துச் சோதித்தார். தரையில் எல்லாம் சரி என்றே காட்டியது. சென்சரை யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை வேறு விமானிகள். அதே அதிர்வு, அதே தள்ளல். இருபது தடவைக்கு மேல் மூக்கை நிமிர்த்திப் பார்த்தார்கள். சுமார் பன்னிரண்டு நிமிடத்தில் ஜாவா கடலில் விழுந்தது. 189 பேர்.

பிழை ஒருவருடையது மட்டுமல்ல. வடிவமைப்பிலேயே பெரிய ஓட்டை இருந்தது. ஆனாலும் எங்களுக்கு அந்த இரவுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. சமாளித்தாயிற்று, இறங்கியாயிற்று, இனி வீட்டுக்குப் போகலாம் என்கிற களைப்பு. அது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த களைப்பு.

நேற்று மின்விசிறியைப் புத்தகத்தில் எழுதினோம்: எந்த வேகத்தில் ஆடுகிறது, எப்போதிருந்து, பிள்ளைகளை ஏன் மாற்றினோம் என்று எல்லாம். பின்னேர டீச்சருக்கும் சொல்லிவிட்டோம். பாடசாலையில் எது ஆடுகிறது, எது கசிகிறது என்று உங்கள் பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருந்தால், ஒரு துண்டில் எழுதி அனுப்புங்கள்.