சங்கத்தின் முத்திரை

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் எழுத்தாளர் சங்கத்தின் காரியதரிசி வீட்டுக்கு வந்திருந்தார். கையில் ஒரு தாள். "ஒரு கையெழுத்து போதும் சார்" என்றார். வாங்கிப் படித்தேன். வரும் தேர்தலில் இன்னாரைச் சங்கம் ஆதரிக்கிறது என்று தீர்மானம். கீழே பதினொரு பேர் கையெழுத்து. அதற்கும் கீழே ஊதா மையில் வட்டமாகச் சங்கத்தின் முத்திரை.

வேட்பாளர் நல்ல மனிதர். எங்கள் பேட்டை நூல்நிலையத்தின் கூரை ஒழுகியபோது, யாரும் கேட்காமலே ஆள் விட்டுச் சரி பண்ணிக் கொடுத்தவர். என் வோட்டு அவருக்குத்தான். ஆனாலும் பேனாவைத் திறக்கக் கை வரவில்லை. "முதலில் காப்பி சாப்பிடுங்கள்" என்றேன். நம் வீடுகளில் காப்பி பாதி நாள் இதற்குத்தானே பயன்படுகிறது!

எனக்கு அப்பாவின் நினைவு வந்துவிட்டது. அவர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். ஆசிரியர் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்குக் காரியதரிசியும்கூட. அந்த நாளில் நமக்கு மேல் சபை உண்டு. 1986-ல்தான் அதை எடுத்தார்கள். அரசியல் சட்டப்படி மேல் சபை இடங்களில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். வோட்டுப் போட, மூன்று வருஷமாவது ஆசிரியராக இருந்திருக்க வேண்டும். ஆகவே, எங்கள் ஊரில் அந்தத் தேர்தல் முழுவதும் ஒரே ஓய்வறையில், ஒரே பெஞ்சைச் சுற்றியே நடந்து முடிந்துவிடும்.

ஒரு தேர்தலில் கிளைச் சங்கம் ஒருவரை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. தமிழாசிரியர் ஒருவர் மட்டும் மற்றவர் பக்கம். அவரை யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எப்போதும்போல் வெற்றிலை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். சந்தாவையும் ஒழுங்காகக் கட்டிவந்தார். கூட்டத்துக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டார். பிறகு நிர்வாகம் அவருடைய சம்பள உயர்வை நிறுத்தி வைத்தது. சங்கம் இருப்பதே இந்த மாதிரிக் காரியத்துக்குத்தான். ஆனால் அவர் மனுக் கொடுக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்துத்தான் விஷயம் அப்பாவின் காதுக்கு எட்டியது. அன்று இரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. "நம்மிடம் வர அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது" என்று அம்மாவிடம் சொன்னார். ஆதரித்தவர் ஜெயித்தாரா, தோற்றாரா என்பது எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் கூச்சம் ஞாபகம் இருக்கிறது.

காரியதரிசியிடம் இதைச் சொன்னேன். "அது சின்ன ஊர் சார்" என்றார். பெரிய ஊர்க் கதையும் இருக்கிறது. 1964-ல் அமெரிக்காவில் கோல்டுவாட்டர் ஜனாதிபதி பதவிக்கு நின்றார். 'ஃபாக்ட்' என்ற பத்திரிகை 12,356 மனநோய் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, அவர் மனநிலை அந்தப் பதவிக்குத் தகுதிதானா என்று கேட்டது. பதில் எழுதியவர்கள் 2,417 பேர். அதில் 1,189 பேர் தகுதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவரைப் பரிசோதித்துப் பார்த்துச் சொன்ன பதில் அல்ல அது. 571 பேர்தான், சொல்லுமளவுக்கு அவரைத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட யோக்கியர்கள். கோல்டுவாட்டர் தேர்தலில் படுதோல்வி அடைந்தார், வழக்கில் ஜெயித்தார். 1973-ல் மனநோய் மருத்துவர் சங்கம், பரிசோதிக்காத பிரமுகரைப் பற்றி இப்படி வாய் திறக்கக் கூடாது என்று விதியே செய்தது. மருத்துவருக்கும் வோட்டு உண்டு, யார் இல்லை என்றார்கள்? ஆனால் அவர் தம் கட்சி அபிப்பிராயத்தை மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், அடுத்த நோயாளி எந்தச் சீட்டை நம்புவான்?

"அப்படியானால் சங்கம் எதற்கு சார்? சந்தா வாங்கவா?" என்றார் காரியதரிசி.

நியாயமான கேள்வி. வாயை மூடிக்கொண்டிருப்பதே நடுநிலைமை என்று நானும் சொல்லமாட்டேன். பென் என்ற உலக எழுத்தாளர் சங்கத்தில் கால்ஸ்வொர்த்தி தலைவராக இருந்த காலத்தில், அரசியலே கூடாது என்பது கொள்கை. 1933 மே மாதம் பெர்லினில் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். அதே மாதம் டுப்ரோவ்னிக்கில் சங்கம் கூடியது. அப்போது தலைவர் எச். ஜி. வெல்ஸ். நாட்டைவிட்டு வெளியேறிய எர்ன்ஸ்ட் டோலர் பேச எழுந்தபோது, ஜெர்மன் பிரதிநிதிகள் ஆட்சேபித்தார்கள். வெல்ஸ் பேச விட்டார். அவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். வெல்ஸ் செய்தது சரி. புத்தகத்தைக் கொளுத்தும்போது பேசாத எழுத்தாளர் சங்கத்துக்கு முத்திரை எதற்கு? நூல்நிலைய வரிப் பணம் நூல்நிலையத்துக்கே போக வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். முதல் கையெழுத்து என்னுடையது. அதை எல்லா வேட்பாளர்களுக்கும் அனுப்புவோம். ஆனால் இன்னாருக்கு வோட்டுப் போடுங்கள் என்பது வேறு சமாசாரம். எங்களில் அறுபது பேர் இருக்கிறோம். கையெழுத்துப் போட்டவர்கள் பதினொரு பேர். முத்திரையோ அறுபது பேருடையது.

"என் பெயரில் தனியாக ஒரு கடிதம் எழுதித் தருகிறேன். அவரை நான் ஆதரிக்கிறேன் என்று எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்" என்றேன்.

"கோபித்துக்கொள்ளாதீர்கள் சார். உங்கள் பெயரை மட்டும் போட்டால் யார் மதிப்பார்கள்?"

அதுவும் வாஸ்தவம்தான். முப்பது நாவல் எழுதியவனுக்கு இதைக் கேட்கச் சற்றுச் சிரமமாகவே இருந்தது. இருந்தாலும் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். அவர் அதையும் தீர்மானத்தையும் ஒன்றாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டு விலாசத்தை விசாரித்தார்.