டாக்டர் பார்க்காத வேளை

விருதுநகரில் பருப்பும் வத்தலும் எவ்வளவு விளைகின்றன என்று கேட்கக் கூடாது. அவற்றுக்கு விலை எங்கே நிர்ணயமாகிறது என்றுதான் கேட்க வேண்டும் என்பார்கள். அந்த ஊர் மண்டி ஒன்றில் நாற்பது வருஷம் கணக்கு எழுதியவர் என் நண்பர். முத்து முத்தான எழுத்து. அது வர வரச் சிறுத்துக் கடுகாகிவிட்டது. "அண்ணாச்சிக்குக் காகிதத்தில்கூடச் சிக்கனம்!" என்று மண்டியில் பரிகாசம் செய்தார்கள். கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான், அது சிக்கனமல்ல, பார்க்கின்ஸன் வியாதியின் அடையாளம் என்று தெரிந்தது.

நடுக்குவாதம் என்று நம்மவர்கள் சொல்லும் இந்த வியாதியில் நடுக்கம் ஒரு பகுதிதான். நடை குறுகும், முகத்தில் உணர்ச்சி தெரியாது, குரல் தணியும். மூக்குக்கு வாசனை தெரியாமல் போவது பல வருஷங்களுக்கு முன்பே ஆரம்பித்துவிடுவதும் உண்டு. சிவகாசியில் இருந்துகொண்டு ஒருவர் வெடிமருந்து நெடி தெரியவில்லை என்றால், அதை யார் வியாதி என்பார்கள்? பழகிப்போய்விட்டது என்பார்கள்!

இந்த வியாதிக்காரர் டாக்டரைப் பார்க்கப் போகும் வைபவத்தைச் சொல்ல வேண்டும். விருதுநகருக்கு 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனாலும் பலருக்கு மதுரை வழிதான் பழக்கம். சிவகாசியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். விடியற்காலையில் பஸ் ஏறிப் போய், பெஞ்சில் காத்திருந்து, பெயர் கூப்பிடுவதற்குள் உச்சிப் பொழுதாகிவிடும். உள்ளே எவ்வளவு நேரம்? 67 தேசங்களின் விவரங்களைத் திரட்டி 2017-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பொது வைத்தியர் ஒரு நோயாளிக்கு ஸ்வீடனில் 22 நிமிஷத்துக்கு மேல் செலவிடுகிறார். இந்தியாவில் சுமார் 2 நிமிஷம். நரம்பு வைத்தியர் கொஞ்சம் கூடுதலாகத் தரலாம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளியே பெஞ்சு நிறைய ஜனங்கள்.

அந்தச் சொற்ப நேரத்திலும் வியாதியே குறுக்கே நிற்கிறது என்பதுதான் சங்கடம். "எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்கிறார். பதில் மனத்தில் தயாராக இருக்கிறது. உதட்டுக்கு வரச் சற்று நேரமாகும். அதற்குள் மகன், "பரவாயில்லை சார்" என்று முந்திக்கொள்கிறான். முகத்தில் வேதனை தெரியாததால் டாக்டரும் நம்பிவிடுகிறார். ராத்திரி புரண்டு படுக்க முடியாமல் தகப்பனார் தாயாரை எழுப்புவது மகனுக்குத் தெரியாது. நாலு நாளாக மலச்சிக்கல் என்பதை மருமகள் நிற்கும்போது சொல்லக் கூச்சம்.

மருந்தும் நாடகம் ஆடுகிறது. சென்னையில் 1937-லேயே பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்த லெவோடோபா என்ற வஸ்துதான் இதற்கு முக்கிய மாத்திரை. அது வேலை செய்யும் நேரத்தில் மனிதர் நடப்பார்; தீர்ந்துபோனால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். சிலருக்குப் பருப்புச் சாதத்தோடு விழுங்கினால் சரியாக எடுபடுவதில்லை. நேரம் பார்த்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒருவர் கம்பீரமாக உள்ளே நடந்து வந்தால், டாக்டர் என்ன நினைப்பார்? ஆள் கண்ணுக்குத் தெரிகிறார். அவர் படும் பாடு தெரிவதில்லை.

ஜேம்ஸ் பார்க்கின்ஸன் 1817-ல் லண்டனில் இந்த வியாதியைப் பற்றி எழுதியபோது ஆதாரமாகக் காட்டியது ஆறே பேரைத்தான். அவர்களில் மூவரை அவர் கண்டது தெருவில். அந்த மூவரில் ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. இன்றைய டாக்டர் நம் தெருவுக்கு வர முடியாது. தெருவையும் வீட்டையும் நாம்தான் அவருடைய அறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அதற்கு வழி நம் மண்டிகளிலேயே இருக்கிறது, நாள்வழிக் கணக்கு! என் நண்பருக்காக அவருடைய பேத்தி ஒரு வாரம் எழுதினாள். மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு, கால் ஓடியது எப்போது, நின்றது எப்போது. கடைசியில் நண்பரே தம் கடுகு எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: 'ராத்திரி புரள முடியவில்லை.' டாக்டர் அரை நிமிஷத்தில் படித்துவிட்டு, மாத்திரை வேளைகளை மாற்றி, ராத்திரிக்கும் ஒரு வழி செய்தார். வியாதி போகவில்லை, அதை அடியோடு போக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் அந்த வீட்டு அம்மாள் இப்போது தூங்குகிறார்.

மகன்மாருக்கு ஒரு வார்த்தை. டாக்டர் உங்கள் தகப்பனாரிடம் கேள்வி கேட்டால், மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். இரண்டு நிமிஷத்தில் பத்து விநாடி பெரிய செலவுதான். ஆனால் அவர் வாய் திறப்பதற்கு அவ்வளவு நேரம் வேண்டும்.