இருபத்தாறால் வகுத்தல்

மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. அதை 8ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. ஓ.டி. செய்தால் அதில் ஒன்றரை மடங்கு. மலேசியாவின் ஜொகூரில் நான் படித்த பல்கலைக்கழகத்தின் தொழிலுறவு அறிமுகப் பாடத்தில் கலையாமல் மனத்தில் நிற்பது இந்தக் கணக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் விட்டு விட்டுத்தான் நினைவுக்கு வருகிறது. எது முதல் வாரம், எது தேர்வுக்கு முந்தைய வாரம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

2013. மனிதவளப் படிப்பில் முதலாண்டு. அட்டவணையில் மலாயில் ‘பெர்ஹுபுங்கான் பெருசாஹான்’ என்று போட்டிருக்கும். ஆசைப்பட்டு யாரும் எடுத்ததில்லை, கட்டாயப் பாடம். மூன்று சட்டங்கள்: 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், 1959ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம், 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டம். பிரிவு எண்களை மனப்பாடம் பண்ணிக்கொள், ‘பி’ கிடைத்துவிடும் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். பெரும்பாலானோர் அப்படித்தான் செய்தார்கள், கிடைக்கவும் செய்தது.

பாடம் நடத்தியவர் மூவாரைச் சேர்ந்த மலாய் அம்மையார். புவான் என்றுதான் கூப்பிடுவோம். சத்தமே போடமாட்டார். தொடக்கத்திலேயே ஒரு வேலை கொடுத்தார்: வீட்டிலிருந்து ஒரு சம்பளச் சீட்டு கொண்டு வாருங்கள், பெயரையும் கம்பெனிப் பெயரையும் கறுப்பு மையால் அடித்துவிடுங்கள். மேசை மேல் வந்து விழுந்த சீட்டுகளைப் பார்த்தபோது அது ஜொகூரின் வரைபடம்போல இருந்தது. பத்து பகாட் தையல் ஆலை, மூவார் நாற்காலிப் பட்டறை, பாசீர் கூடாங் கிடங்கு, செனாயில் அம்மா வேலை செய்த எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை. நீளமான சீட்டு, குட்டைச் சீட்டு, கையால் எழுதிய வவுச்சர். ஒரு பையன் வெறுங்கையோடு வந்தான். அவனுடைய அப்பாவுக்குச் சம்பளச் சீட்டே கொடுப்பதில்லையாம். புவான் அதையும் குறித்துக்கொண்டார்.

அந்த ஆண்டு ஜனவரியில்தான் குறைந்தபட்சச் சம்பளம் முதன்முதலாக நடப்புக்கு வந்திருந்தது. தீபகற்பத்தில் 900 ரிங்கிட், சபா சரவாக்கில் 800. என் தோழி ஒருத்தி அவளுடைய அண்ணனின் சீட்டைக் கொண்டு வந்திருந்தாள். அடிப்படைச் சம்பளம் சரியாக 900. ஓ.டி. மணிக்கு 5.63 என்று போட்டிருந்தது. புவான் வெள்ளைப் பலகைக்குக் கூப்பிட்டு அவளையே போட்டுப் பார்க்கச் சொன்னார். 900ஐ 26ஆல் வகுத்தால் 34.62. எட்டால் வகுத்தால் 4.33. ஒன்றரை மடங்கு 6.49. அப்படியானால் 5.63 எங்கிருந்து வந்தது? பின்வரிசையில் ஒரு சீனப் பையன் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, “முப்பதால வகுத்திருக்காங்க புவான்” என்றான். மணிக்கு 86 காசு வித்தியாசம். அண்ணன் மாதம் 60 மணி நேரம் ஓ.டி. செய்கிறவர். மாதத்துக்கு ஐம்பது வெள்ளிக்கு மேல் போகிறது. தோழி ஒன்றும் பேசாமல் பேனாவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். 30 நாள் மாதத்தில் 30ஆல் வகுப்பது யாருக்கும் நியாயமாகத்தான் தோன்றும். ஓய்வு நாள்களைக் கழித்தால் வேலை நாள் 26தான், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. இது தெரிந்தவருக்கு ஐம்பது வெள்ளி, தெரியாதவருக்கு இல்லை.

அன்று இரவு பாட்டிக்குப் போன் போட்டு இந்தக் கதையைச் சொன்னேன். பாட்டி ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். “இதப் படிக்கவா யுனிவர்சிட்டிக்குப் போன? நாங்க இதத் தெரு மூலையில நின்னு பேசுவமே” என்றார். பிறகு, “பேசுவோம். ஆனா கணக்கு கிராணி கையிலதான் இருக்கும்” என்றும் சொன்னார்.

தோட்டத்து எழுத்தரான அந்தக் கிராணி கையில் இருந்த கணக்கு எப்படிப்பட்டது என்று பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். விடியுமுன் பெரட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் விழ வேண்டும். வெயில் ஏறினால் பால் இறங்காது. அதனால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போய், மரம் மரமாகக் கோடு இழுத்து, பால் வடிய மங்கு நிமிர்த்தி வைத்து, திரும்பி வந்து வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு பால் ஸ்டோருக்கு வர வேண்டும். அங்கே எடை போடுவார்கள். எடை மட்டும் போதாது. மெட்ரோலாக் என்று ஒரு கண்ணாடிக் குழாய், பாலில் இறக்கினால் மிதக்கும். எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதை வைத்து இந்தப் பாலில் ரப்பர் எத்தனை, தண்ணீர் எத்தனை என்று கணிப்பார்கள். அந்தக் கோட்டைப் படிப்பது கிராணி. எதிரே நிற்கும் பாட்டிக்கு அது தெரியாது. மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லை என்றால் கூலியும் இல்லை. ‘விளைவுவழிக் கூலி’ என்று பாடக்குறிப்பில் ஒரு வரி வரும். அதற்குக் கீழே என் நோட்டில் மெட்ரோலாக் படம் ஒன்று வரைந்து வைத்திருந்தேன்.

தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முறை பற்றி நடத்திய நாளில் புவான் கேட்டார், இங்கே தோட்டத்திலிருந்து வந்தவர்கள் யாராவது உண்டா? நாங்கள் தமிழ்ப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் இருந்தோம். கை தூக்கியவள் நான் ஒருத்திதான். லாபீஸிலிருந்து வந்த இன்னொருத்தன் தோட்டத்துப் பையன் என்பது எனக்குத் தெரியும், அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்லமாட்டேன். பல்கலைக்கழகத்துக்கு வந்ததே அந்த முகவரியைத் தொலைக்கத்தான் என்று எங்களில் பலருக்கும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

கிள்ளான் வேலைநிறுத்தம் நடந்தது 1941இல். ஆர். எச். நாதன் முன்னின்று நடத்தினார், தோட்டம் தோட்டமாகப் பரவியது. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். ராணுவம் இறங்கிச் சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். இது பாடத்தில் அரைப்பக்கம். கோரிக்கைகளின் பட்டியலைப் புவான் திரையில் போட்டார். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும். நடுவில் ஒன்று: துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். கிளந்தான் பையன் ஒருவன் சிரித்துவிட்டான், கேலியாக அல்ல, இதையெல்லாமா கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்ற வியப்பில். புவான் சிரிக்கவில்லை. “கூலி உயர்வைவிட இதைக் கொடுக்கத்தான் முதலாளிகளுக்கு மனம் வந்திருக்காது” என்றார். என்னைக் கேட்டால் அந்தப் பாடம் முழுவதிலும் அதுதான் சரியான ஒரு வாக்கியம்.

அவரே வாசிக்கச் சொன்ன புத்தகங்களில் சையத் ஹுசேன் அலத்தாஸ் 1977இல் வெளியிட்ட ‘சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை’ ஒன்று. மலாய்க்காரர் சோம்பேறி என்று காலனி ஆட்சியாளர்கள் ஏன் எழுதினார்கள்? அவர்களுடைய தோட்டத்தில் கூலிக்கு வர மறுத்ததால். அந்தப் புத்தகத்தைப் பேசிய வகுப்பில் மலாய்ப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதே ஆட்சியாளர்கள்தான் எங்கள் ஆள்களைச் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள் என்று நற்சான்று கொடுத்து ஏற்றிக்கொண்டு வந்தவர்கள். இரண்டு பட்டமும் ஒரே மைக்கூட்டிலிருந்து வந்ததுதான்.

அலத்தாஸின் உறவினர், ஜொகூர்க் குடும்பத்தைச் சேர்ந்த உங்கு அஸிஸ், தோட்டத் துண்டாடலைப் பற்றி 1962இல் பெரிய ஆய்வறிக்கை கொடுத்தார். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போயின. அப்படி நடுத்தெருவுக்கு வந்தவர்களில் தமிழர்களே அதிகம். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கியது இந்த அடியிலிருந்து மீளத்தான். எங்கள் ஜொகூர் பாருவில் மவுண்ட் ஆஸ்டின் என்றால் இன்று காப்பிக் கடை, ஹாட்பாட், பார்க்கிங் கிடைக்காத சனிக்கிழமை. அது ஒரு பெரிய ரப்பர் தோட்டத்தின் பெயர். தோழிகளோடு அங்கே சாப்பிடப் போகும்போது இதைச் சொல்வேன். “சாப்பிடு முதல்ல” என்பார்கள்.

எஸ். ஏ. கணபதி எங்கள் பாடத்தில் இல்லை. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர், 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டவர். அதற்கு முந்தைய நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். இருவரும் தஞ்சைப் பக்கத்துக்காரர்கள். பாடக்குறிப்பு 1948 அவசரகாலத்தில் “தீவிரவாதச் சங்கங்கள் கலைக்கப்பட்டன” என்று ஒரே வரியில் தாண்டி, 1954இல் பி. பி. நாராயணன் அமைத்த தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கு வந்துவிடும். நாராயணன் பெரிய ஆள், மறுக்கவில்லை. ஆனால் பொறுப்பான சங்கம் என்று பிரிட்டிஷ் அரசு எதை வளர்த்தது, எதை வேரோடு பிடுங்கியது என்று சேர்த்துச் சொன்னால்தான் மாணவனுக்கு 1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதிவதிகாரிக்கு ஏன் அவ்வளவு அதிகாரம் என்று புரியும். கணபதியை நான் பிறகு தமிழில்தான் படித்தேன். பாட்டி வீட்டில் ‘சங்கமணி’ பத்திரிகை வந்த காலம் ஒன்று உண்டு. அலமாரித் தட்டில் விரித்திருந்த பழைய இதழ்கள்தான் நான் பார்த்த முதல் தொழிற்சங்க எழுத்து.

அப்பாவின் சீட்டை நான் வகுப்புக்குக் கொண்டு போகவில்லை. அவர் சிங்கப்பூர் துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை. விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளை உதைத்தால் இரண்டாம் பாலம். இரவு வந்து சேரும்போது மழைக்கோட்டு நனைந்திருக்கும் அல்லது முதுகு வியர்த்திருக்கும். அப்போது ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு இரண்டரை ரிங்கிட். அந்த இரண்டரைதான் என் படிப்புச் செலவு. வகுப்பு முடிந்தபின் புவானிடம் தனியே கேட்டேன், அவருக்கு இந்தச் சட்டம்? “பாலத்தோடு நின்றுவிடும்” என்றார். சிங்கப்பூரின் மத்திய சேமநிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை பெர்மிட்டில் போகும் மலேசியருக்கு அங்கே சேமநிதி இல்லை. இங்கே முதலாளி இல்லாததால் இபிஎஃப்பும் தானாக வராது, சொந்தமாகக் கட்டினால் உண்டு. ஜொகூரில் எத்தனையோ வீடுகளில் கையில் காசு இருக்கும், முதுமைக்கு ஒன்றும் இருக்காது. அப்பா அந்த ஆண்டிலிருந்து மாதாமாதம் கொஞ்சம் இபிஎஃப்பில் போடத் தொடங்கினார். நான் நச்சரித்ததால்.

அடுத்த ஆண்டு, 2014இல், ஜொகூரின் வார விடுமுறை வெள்ளி சனிக்கு மாறியது. (2025இல் மறுபடி சனி ஞாயிறு.) ஓய்வு நாள் எது என்று முதலாளி தீர்மானிக்கலாம், வாரத்துக்கு ஒரு முழு நாள் கொடுத்தாக வேண்டும் என்ற பிரிவு அப்போதுதான் எல்லார் வீட்டிலும் பேச்சானது. பள்ளி வெள்ளிக்கிழமை லீவு, அம்மாவின் தொழிற்சாலை ஞாயிற்றுக்கிழமை லீவு, அப்பாவின் சிங்கப்பூரும் ஞாயிறு. தம்பி ஒருத்தனே வீட்டைக் காத்துக்கொண்டு கிடந்தான்.

அம்மாவிடம் சங்கத்தைப் பற்றிக் கேட்டால் “எங்க லைன்ல அதப் பத்தி யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க” என்பார். எலெக்ட்ரானிக்ஸ் தொழிலாளருக்கு வட்டார அளவில் சங்கம் வைக்க 2009இல்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை கம்பெனிக்குள்ளேயான சங்கம் மட்டும்தான். நாட்டில் இன்று சங்கத்தில் இருப்பவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு பேர். தோட்டத்துக் காலத்தில் பாட்டிக்கு இருந்த சங்கச் சீட்டு, தொழிற்சாலைக்கு வந்த அம்மாவுக்கு இல்லை.

இப்போது நான் மேசையின் அந்தப் பக்கம், ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில். குறைந்தபட்சச் சம்பளம் 900 போய் 1700 ஆகிவிட்டது. ஓ.டி. மணிக்கு 12.26. வாரத்துக்கு 48 மணி நேரம் என்றிருந்தது 2023 முதல் 45. நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வருகிற பையன்கள் ஏஜெண்டுக்குக் கடன்பட்டு வருகிறார்கள். முன்பணம் கொடுத்து, கப்பல் ஏற்றி, கூலியில் பிடித்த கங்காணி முறையை நான் பாடமாகப் படித்தவள், அதனால் அவர்களிடம் முதலில் கேட்பது பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான். வேலைச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும். இதை அவர்களிடம் சொல்வதால் எனக்கு நல்ல பெயர் கிடைப்பதில்லை.

அந்தப் பாடத்தை மனிதவளம் படிப்பவர்களுக்கு மட்டும் வைத்திருப்பது தப்பு என்பது என் தீர்மானமான கருத்து. ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு நேரே தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு வாரம் நடத்தினால் போதும். உறவுக்காரர்களும் கோயிலில் பார்ப்பவர்களும் என்னிடம் கேட்க வருவது பெரும்பாலும் காலம் கடந்தபிறகுதான். ஆகவே இதைப் படிக்கும் ஜொகூர்க்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும்: சம்பளச் சீட்டை எறியாதீர்கள், ஓ.டி.யை 26ஆல் வகுத்துப் பாருங்கள். காரணமில்லாமல் வேலையை விட்டு நிறுத்தினால் நிறுத்திய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனு கொடுங்கள். வக்கீல் வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. 61ஆம் நாள் போனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.